அன்னம் வேண்டாம்

கல்யாண மண்டபங்களில் காய்கறி செதுக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் ஒருவரைக்கூட எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது. முதுகைப் பார்த்தால் அடையாளம் தெரியும். ஆறரை மணி ரிசப்ஷனுக்கு நாலு மணிக்கே போய் உட்காருகிறவள் நான். சீரியல் பல்புக்காரர் ஏணியைத் தேடி அலையும் அந்த நேரத்தில், பின்கட்டுக் குழாயடியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, மடியில் ஈரத்துண்டு விரித்து, தர்பூசணியை உருட்டி உருட்டிச் செதுக்கிக்கொண்டிருப்பீர்கள். கரும்பச்சைத் தோலை ஒரு சுற்று சீவினால் வெளிறிய பச்சை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வெள்ளை. கத்தி நுனி அரை விரற்கடை இறங்கினால் சிவப்பு. பெயின்ட் டப்பா இல்லாமல் நாலு நிறம். ரோஜா இதழ் ஒவ்வொன்றாக விரிவதைப் பின்னால் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். திரும்பிப் பார்த்து, "என்ன மேடம், சேர் வேணுமா?" என்று கேட்டவர்களும் உண்டு.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கும் முன்னால், ஒரு கல்யாணச் சமையல்காரரின் மகள். மண்டபம் என்றால் எனக்கு முன்வாசலைவிடப் பின்வாசல்தான் பழக்கம். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். கொஞ்ச நாளைக்கு அந்த அன்னத்தை விட்டுவிடுங்கள்.

அன்னம் மட்டுமா? சுரைக்காய் முதலை, கத்தரிக்காய் பென்குயின், முள்ளங்கிப் புறா, கேரட் கொண்டை வைத்த மயில். தர்பூசணியில் மாப்பிள்ளை பெண் முகம். எந்த ஊர் மாப்பிள்ளையானாலும் தர்பூசணியில் ஒரே மீசைதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், கைவேலையைக் குறை சொல்லவில்லை. வருகிறவர்கள் மேசைமுன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, "காய்னே தெரியல பாரேன்!" என்கிறார்கள். உங்களுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு அதுதான், நீங்களும் பூரித்துப் போகிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த இடம். காய் என்றே தெரியாமல் போவதற்கா இத்தனை பாடு? மிலானில் பிறந்த ஆர்ச்சிம்போல்டோ என்ற ஓவியர், பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் திருமுகத்தையே காயும் கனியுமாக வரைந்துவிட்டார். மூக்குக்குப் பேரிக்காய். அது 1590, 91 வாக்கில். பேரரசர் சிரித்தாரோ என்னவோ, அந்த வேடிக்கைக்கு 400 வயது தாண்டிவிட்டது.

அப்பா காலத்தில் செதுக்கு மேசையெல்லாம் கிடையாது. முதல்நாள் ராத்திரி காய் அரிகிற இடம் இருந்தது. கோரைப்பாய் விரித்து, எட்டுப் பத்துப் பெண்கள் அருவாமனை போட்டு எதிரும் புதிருமாக உட்காருவார்கள். அப்பா நடுவில் நடந்துகொண்டே இருப்பார். அவியலுக்கு என்றால் முதலில் முருங்கைக்காயை நறுக்கச் சொல்வார். அந்தத் துண்டுதான் அளவுகோல். வாழைக்காய், சேனை, பூசணி, புடலை எல்லாம் அந்த நீளத்துக்கு வந்தாக வேண்டும். பீன்ஸ் அரிகிறவர் பேச்சு சுவாரஸ்யத்தில் மயங்கினால் துண்டு நீண்டுவிடும். அப்பா திட்ட மாட்டார். அந்தக் குவியலிலிருந்து நெட்டை ஒன்று, குட்டை ஒன்று பொறுக்கி, அந்த அம்மாள் முன்னால் ஜோடியாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே அளவாக இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும். இல்லாவிட்டால் ஒன்று குழையும்போது இன்னொன்று விறைத்து நிற்கும். அவ்வளவுதான் அவர் கவலை. அழகைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு, அண்டாவில் கொட்டுவதற்கு முன்னால், தாம்பாளம் தாம்பாளமாக அந்தக் காய்கள் குண்டு பல்பு வெளிச்சத்தில் கிடக்கும். வெள்ளைக் கட்டைகள், பச்சைக் கட்டைகள், ஆரஞ்சுச் சில்லுகள். தூக்கக் கலக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். பிற்பாடு பிள்ளைகளுக்குக் கனசெவ்வகம் நடத்தும்போதெல்லாம் பாடப்புத்தகப் படத்துக்கு முன்னால் அந்தச் சேனைதான் மனசில் வந்து நிற்கும்.

இப்போது கத்தியை எடுங்கள். ஒரு வெண்டைக்காய் போதும்.

பிஞ்சு வேண்டாம், முற்றல் வேண்டாம். நுனியை ஒடித்துப் பார்த்தால் டக்கென்று ஒடிய வேண்டும். இடுப்பில் குறுக்கே ஒரு வெட்டு. ஐந்து மூலை. உள்ளே ஐந்து அறை. அறைக்குள் வெள்ளை முத்து. பிசுபிசுப்பை ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பாருங்கள், அறைக்கும் அறைக்கும் நடுவே சுவர் நூல் பிடித்த மாதிரி நடுப்புள்ளிக்கு ஓடும். பள்ளிக்கூடத்தில் மையில் தொட்டு நோட்டில் அச்சு வைத்தோமே, அதேதான். அச்சு வைத்ததோடு நாம் நிறுத்திவிட்டோம். முழுக் காயையும் ஒரே தடிமனில் வில்லை வில்லையாக நறுக்கி, நறுக்கிய வரிசையிலேயே ஒரு கறுப்புத் துணிமேல் வையுங்கள். காம்புப் பக்கம் பெரிசு, நுனி போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும். மூலைக் கணக்கு மட்டும் கடைசி வரை மாறாது. சில ரகத்தில் ஏழு, எட்டு விளிம்போடும் காய் வரும். அதைக் கழித்துவிடாதீர்கள், நடுவில் வையுங்கள். கண் உள்ளவர் ஒருவராவது எண்ணிப் பார்ப்பார்.

ஐந்து எங்கிருந்து வந்தது என்றால், பூவிலிருந்து. வெண்டைப் பூவுக்கு இதழ் ஐந்து, அடியில் சூலகத்துக்கும் அறை ஐந்து. இதழ் உதிர்ந்த பிறகும் அந்த எண்ணைக் காய் வைத்துக்கொள்கிறது. ஆப்பிளை நாம் காம்பிலிருந்து நெடுக்கே நறுக்கியே பழகிவிட்டோம். இடுப்பில் குறுக்கே வெட்டினால் விதையறை ஐந்தும் நட்சத்திரமாக விரியும். பப்பாளிக் குழிக்கும் ஐந்து முனை. வாழைப்பழத்தின் கணக்கு வேறு. ஒரு வில்லையை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவிலிருந்து மூன்று கோடு பிரிவது தெரியும், பழத்தை நுனியில் விரல்வைத்து மெல்ல அழுத்தினால் மூன்று கீற்றாகவே பிளந்துகொள்ளும். நுங்கு சீவினால் பெரும்பாலும் மூன்று கண். தேங்காய்க்கும் மூன்று. வாழையும் பனையும் தென்னையும் ஒருவித்திலைக் கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு மூன்றின்மேல் பிரியம். வெள்ளரி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை, ஆனாலும் உள்ளே மூன்று அறை வைத்திருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது பீர்க்கங்காய். வெளியே பத்து விளிம்பு, உள்ளே மூன்று அறை. பத்தை மூன்றால் வகுத்தால் மீதி வருமே என்று கணக்கு டீச்சர் மனசு தவிக்கும். பீர்க்கங்காய்க்கு அந்தத் தவிப்பு கிடையாது.

உங்கள் டப்பாவில் எவர்சில்வர் ஸ்டார் கட்டர் ஒன்று இருக்கிறது. அதைக் கேரட்டில் குத்தி நட்சத்திரம் எடுக்கிறீர்கள், ஓரத்தில் வந்ததெல்லாம் குப்பைக்கு. பக்கத்துக் கூடையிலேயே தானாக நட்சத்திரமாக விளைந்தது பொரியலுக்குக் காத்துக் கிடக்கிறது.

நான் ஏதோ வீட்டில் உட்கார்ந்து புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். இதையே வேலையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஷாகிர் கோக்செபா என்று ஒரு கலைஞர். 1965இல் துருக்கியின் டெனிஸ்லியில் பிறந்து, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வாழ்கிறவர். அவர் கையில் தர்பூசணி கிடைத்தால் கீற்றுப் போடுவார், கீற்றுகளை வரிசை வைப்பார். வளைவுகள் சேர்ந்து வட்டமாகும், அலையாகும், ஏணிப்படியாகும். ஆப்பிள், கத்தரிக்காய், பீன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே மரியாதை. பென்குயின் கிடையாது. வெட்டு, இடம் மாற்று, திரும்ப அடுக்கு, இவ்வளவுதான் அவர் வித்தை. ஒரு வரிசைக்கு 'கட்டெம்பரரி ஆர்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார், சமகாலக் கலைக்கான ஆங்கிலச் சொல்லுக்குள் வெட்டு என்ற சொல்லைச் செருகி. படத்தைப் பார்க்கிறவர் முதலில் கோலத்தைப் பார்ப்பார், அடுத்த நொடி "அட, தர்பூசணி" என்பார். உங்கள் மேசையில் நடப்பது இதற்குத் தலைகீழ்.

நெதர்லாந்தில் லெர்னர்ட், சாண்டர் என்று இருவர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அந்த நாட்டுச் செய்தித்தாள் ஒன்றுக்காக அவர்கள் செய்தது இணையத்தில் ஊர் உலகமெல்லாம் சுற்றியது, உங்கள் போனிலும் வந்திருக்கும். காய், கனி, மீன், இறைச்சி என்று 98 சமைக்காத பொருள்கள், ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர் கனசதுரம். வெள்ளைத் தரையில் இம்மி பிசகாத வரிசை. முட்டைக்கோசு கனசதுரத்தில் இலை மடிப்பு நெளிநெளியாக ஓடும், வெங்காயக் கனசதுரத்தில் வளையத்தின் ஒரு துண்டு மட்டும் தெரியும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு மனசு முழுசாகப் போகவில்லை. வட்டமாக விளைந்ததைச் சதுரமாக்க நாலு பக்கமும் கழித்தாக வேண்டும். கழித்தது எவ்வளவு என்று படத்தில் தெரியாது. சமையல்காரர் மகளுக்குத் தெரியும். ஜப்பானில் ஜென்ட்சுஜி என்ற ஊரில் இன்னும் ஒரு படி மேலே போய், தர்பூசணியைப் பிஞ்சிலேயே பெட்டிக்குள் வைத்துச் சதுரமாக வளர்க்கிறார்கள். பத்தாயிரம் யென்னுக்கும் மேலே விலை. பழுப்பதற்கு முன்பே பறித்துவிடுவதால் சாப்பிட லாயக்கில்லை, கடை வாசலில் பார்வைக்கு வைப்பார்கள். நம்மூரில் அப்படி ஒன்று வந்தால் என் அப்பா தட்டிப் பார்த்துவிட்டு, காய் இன்னும் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

சரி, சொல்வது சுலபம். செய்து பார்த்தேன். போன ஆவணியில் வீட்டில் ஒரு வளைகாப்பு, சாப்பாட்டு மேசை என் பொறுப்பு என்று பேத்திகளிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் வெள்ளரிக்காய். வில்லைகளை நிற்கவைத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, அறுபது வில்லையில் ஒரு வட்டம் என்று திட்டம். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் தடிமன். தட்டில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டேன். அடுக்கிக்கொண்டே வந்தால், வட்டம் மூடிய பிறகும் கையில் ஒரு கொத்து வில்லை மிஞ்சுகிறது. கை கொஞ்சம் தாராளமாக நறுக்கிவிட்டது, வில்லைக்கு ஒரு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் யார் கண்ணுக்குத் தெரியும்? அறுபது சேர்ந்தால் ஆறு சென்டிமீட்டர். அன்னத்தின் கழுத்து கொஞ்சம் வளைந்தால் அது ஒய்யாரம் என்று பேர் வாங்கும். வட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் இதுவரை செய்தது கஷ்டம் என்று நினைத்தீர்களானால், பிள்ளைகளே, இது அதைவிடக் கஷ்டம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், என்னால் முடிந்திருந்தால் நானே செய்துவிட்டுப் போயிருப்பேன்.

இரண்டாவது நாள் எலுமிச்சம்பழம். கத்தியே வேண்டாம் என்று முடிவு. ஒரு பழத்தை நடுவில் வைத்தேன். சுற்றி எத்தனை பழம் இடிக்காமல், இடைவெளி இல்லாமல் உட்காரும் என்று எட்டாம் வகுப்பில் வருஷா வருஷம் கேட்ட கேள்வி, ஒரு ரூபாய்க் காசை வைத்துக் காட்டுவேன். ஆறு. ஐந்து வைத்தால் இடம் மிஞ்சும், ஏழு நுழையாது. எல்லாம் ஒரே பருமனாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. கடைக்காரர் கொடுத்த பையில் எதுவும் எதற்கும் ஜோடி இல்லை. ஆறாவது பழம் வெளியே பிதுங்குகிறது, மாற்றினால் இந்தப் பக்கம் சந்து விழுகிறது. கடைசியில் பேத்தியின் குழந்தை வளையலை எடுத்தேன். வளையலுக்குள் வழுக்கிப் போகிற பழம் ஒரு கிண்ணத்தில், போகாதது இன்னொரு கிண்ணத்தில், தொட்டும் தொடாமலும் போகிறது மட்டும் தட்டுக்கு. இரண்டு கிலோவைச் சலித்ததில் தேறியது நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே.

நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, அதைச் சுற்றிப் பதினெட்டு. மொத்தம் 37. பித்தளைத் தாம்பாளத்தில் ஆறு பக்கமும் நேராக நின்றது. பக்கத்து வீட்டு அம்மாள் மருதாணிக் கிண்ணத்தோடு வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏழு புள்ளி, நாலுல நிறுத்தி, எடப்புள்ளி வச்சிருக்கீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடு வரிசையில் ஏழு, மேலேயும் கீழேயும் ஆறு, ஐந்து, நாலு. கூட்டிப் பாருங்கள், 37 வரும். மார்கழி முழுக்க வாசலில் நான் வைத்த புள்ளிதான். நாற்பது வருஷம் வாசலில் அதைப் போட்டுவிட்டு, உள்ளே வகுப்பில் இதை நடத்திவிட்டு, இரண்டும் ஒன்று என்று கோலமாவு பிடித்த இன்னொரு கை சொல்ல வேண்டியிருந்தது. நேர்ப்புள்ளி வைத்தால் எலுமிச்சை சதுரமாக நிற்கும், நடுவில் சந்து பெரிசாக விழும். இடைப்புள்ளி வைத்தால் நெருங்கி உட்காரும். கோலத்தின் இலக்கணத்தை வைத்து 1974இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள் சென்னையில், கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும். கணிப்பொறிக்குப் படம் போடக் கற்றுக்கொடுக்கும் கணிதத்துக்கு நம் வாசல் புள்ளி உதவியது. உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ கோல நோட்டு வைத்திருப்பார். யூடியூபில் தாய்லாந்துச் செதுக்கல் தேடும் நேரத்தில் பாதியை அந்த நோட்டுக்குக் கொடுங்கள்.

எலுமிச்சையை மேலே மேலே அடுக்கினால் என்ன ஆகும் என்பது பழக்கடைக்காரருக்குத் தெரியும். சாத்துக்குடியைக் கோபுரமாக அடுக்குகிறாரே, கீழ் வரிசையின் குழியில் மேல் பழத்தை உட்காரவைத்து. அதைவிட நெருக்கமாக உருண்டைகளை அடுக்கவே முடியாது என்று கெப்ளர் 1611இல் சொன்னார். சொன்னாரே தவிர நிரூபிக்கவில்லை. தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கர் 1998இல் நிரூபணம் கொடுத்து, அதைக் கணிப்பொறி வரிவரியாகச் சரிபார்த்து முடிக்க 2014 ஆயிற்று. இடத்தில் 74 சதவீதம் பழம், மீதி காற்று. முக்கோண அடியில் நாலு அடுக்குக்கு எத்தனை பழம் வேண்டும் என்பதற்கு ஆரியபட்டர் 499இலேயே வாய்பாடு எழுதியிருக்கிறார், 20. பஃபே ஓரத்தில் பழத்தட்டு வைக்கும்போது இது உங்களுக்கு உதவும். கான்ட்ராக்டரிடம் எத்தனை பழம் என்று விரல் மடக்காமல் சொல்லலாம்.

வளைகாப்பன்று என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எலுமிச்சைத் தாம்பாளம் தப்பித்தது. நடுத்தட்டு போயிற்று. பீட்ரூட் வில்லைகளும் வெள்ளை முள்ளங்கி வில்லைகளும் ஒன்றுவிட்டு ஒன்று, சதுரங்கப் பலகை மாதிரி அடுக்கியிருந்தேன். காலை ஏழு மணிக்குப் பிரமாதம். பத்து மணிக்கு வளையல் அடுக்க உட்காரும்போது முள்ளங்கியெல்லாம் ரோஜா நிறத்தில் ரத்தக்களரி. சின்னவள் மட்டும் இதுதான் நன்றாக இருக்கிறது என்றாள். ஓரத்தில் வெண்டைக்காய் நட்சத்திரங்கள் காற்றாடிக் காற்றில் சுருண்டு, கொண்டைக்கடலை மாதிரி கிடந்தன.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. கேரட் இதழை ஐஸ் தண்ணீரில் போட்டால் நீரைக் குடித்து விறைத்து நிற்கும், உப்புத் தண்ணீரில் போட்டால் துவண்டு வளைத்த பக்கமெல்லாம் வளையும் என்பதை உங்களில் ஒருவரிடமிருந்துதான் கற்றேன். வாழைக்காயும் கத்தரிக்காயும் நறுக்கிய மாத்திரத்தில் கறுப்பது, வெட்டுப்பட்ட திசுவிலிருக்கும் நொதியோடு காற்று சேர்வதால். அப்பா பெயர் தெரியாமலே அதற்கு வைத்தியம் வைத்திருந்தார், வாழைப்பூவுக்கும் தண்டுக்கும் மோர்த்தண்ணீர், வாழைக்காய்க்கு வெறும் தண்ணீர். எலுமிச்சைச் சாறு ஒரு கை தெளித்தால் ஆப்பிள் நட்சத்திரம் ரிசப்ஷன் முடியும் வரை தாங்கும். பீட்ரூட்டைக் கடைசியில் வையுங்கள், கீழே வாழையிலைத் துண்டு போட்டு, யாரோடும் ஒட்டாமல். மற்றதற்கு ஈர மல் துணி, வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் வந்து நின்ற பிறகு எடுத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் வருத்தமான சமாச்சாரம். ராத்திரி பதினொரு மணிக்கு அன்னம் எங்கே போகிறது என்று நின்று பார்த்திருக்கிறேன். அதன் உடம்பு முழுக்க டூத்பிக். இறகுக்கு ஒன்று, கண்ணுக்குக் கிராம்பு, அலகுக்குக் கலர். ஒரு ஆள் சாப்பிட முடியாது, மாட்டுக்கும் போட முடியாது, குச்சி தொண்டையில் குத்தும். நாலு மணி நேரம் நீங்கள் குனிந்து செய்தது எச்சில் இலை டிரம்மில் தலைகீழாகக் கிடக்கும். பிரான்சின் தென்கரையில் மாந்தோன் என்ற ஊரில் பிப்ரவரி தோறும் எலுமிச்சைத் திருவிழா, 140 டன் அளவுக்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் கொண்டு கோபுரமும் கோட்டையும் கட்டுகிறார்கள். ஒவ்வொரு பழத்தையும் ரப்பர் பேண்டால் கட்டுகிறார்கள், ஆணி அடிப்பதில்லை. முடிந்ததும் கெடாத பழத்தை மலிவு விலைக்கு விற்றுவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன். மாட்டுப் பொங்கலன்று தஞ்சைப் பெரிய கோயில் நந்திக்குக் காய்கறி அலங்காரம் நடக்குமே. பன்னிரண்டு அடி உயரக் கல், அதன்மேல் கத்தரி, கேரட், முள்ளங்கி, வாழைக்காய், வெண்டை என்று மாலை மாலையாகத் தொங்கும். கோத்திருக்கும் முறையைப் பாருங்கள், ஒரு காய் இத்தனை என்று எண்ணி, அடுத்த காய், மறுபடி முதல் காய். கழுத்தில் ஒரு வளைவு, முதுகில் ஒரு வளைவு. கத்தரிக்காயைக் கத்தரிக்காயாகவேதான் மாட்டியிருப்பார்கள். தீபாராதனை ஆனதும் கூட்டத்துக்குப் பிரசாதம். நான் போன வருஷம் எனக்குக் கிடைத்தது இரண்டு நூல்கோலும் ஒரு கைப்பிடி அவரையும். மறுநாள் கூட்டு.

வில்லையாக நறுக்கி அடுக்கியதை அப்படியே திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். முகூர்த்தத்தன்று காலைச் சாப்பாட்டுக்கு சாம்பாரில் விழும். சமையல் மாஸ்டரும் உங்களை முறைக்காமல் இருப்பார், "கிலோ கணக்குல காயை வாங்கிப் பாழ் பண்றானுங்க" என்று அவர் முணுமுணுப்பது உங்கள் காதில் விழுந்திருக்கும்.

நீங்கள் சொல்லப்போகிற பதில் தெரியும். "பார்ட்டி அன்னம்தான் கேக்குறாங்க மேடம். ஆல்பத்துல அதைக் காட்டித்தான் கான்ட்ராக்டர் ரேட் பேசுறார்." வாஸ்தவம். வெறும் வெண்டைக்காய் வில்லைக்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற பயமும் நியாயம். நான் சொல்வது, மேசையில் ஒரு ஓரத்தில் ஆரம்பியுங்கள். இரண்டடிக்கு இரண்டடி, கறுப்புத் துணி. அன்னம் அதன் பாட்டுக்கு நடுவில் இருக்கட்டும். உங்கள் கோலத்தைப் பக்கத்தில் வைத்து, கீழே சின்னதாக ஒரு அட்டையில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். மேடை ஜோடிப்பவர் பெயர் பேனரில் வருகிறது, போட்டோக்காரர் பெயர் ஆல்பத்தில் வருகிறது, மெல்லிசைக்குழுவின் போன் நம்பர் டிரம்மிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் பெயரை மட்டும் நான் இதுவரை எந்த மண்டபத்திலும் படித்ததில்லை. அன்னத்துக்குக் கீழே பெயர் போட்டால் இணையத்தில் பார்த்து எவனும் செய்வான் என்பார்கள். பீர்க்கங்காயின் பத்தையும் மூன்றையும் வைத்து நீங்கள் போட்ட கோலம் உங்களுடையது, அதைக் காப்பியடிக்க வேண்டுமானால் அவனும் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

தை பிறந்ததும் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது, கும்பகோணம் பக்கம். வரவேற்பு மேசை ஆறடிக்கு மூன்றடி. கான்ட்ராக்டரிடம் பேசிவிட்டேன். அவர் இரண்டு தடவை "அன்னம் வேணாமா? நெஜமாவா?" என்று கேட்டார். செதுக்க வருகிறவர்களுக்கு அன்னத்துக்கு உள்ள அதே ரேட், குறைக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறேன். உங்களில் யாருக்கு இஷ்டமோ வாருங்கள். வெண்டை, பீர்க்கு, பப்பாளி, நேந்திரம், கிடைத்தால் சிறகவரை, எல்லாம் முதல்நாள் சாயங்காலமே வந்துவிடும். கோரைப்பாய் நான் விரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு சமையல்காரரின் மகள்

பி.கு.: ஸ்டார் கட்டர் வேண்டாம். நீளக் கத்தி ஒன்றும் சாணைக்கல்லும் போதும். எலுமிச்சைக்குக் குழந்தை வளையல் என்னிடம் இருக்கிறது.